முதலில் ஒரு முழுக்கு

“போனைக் குடு. தண்ணி பட்டா அவ்ளோதான்” என்று மனைவி கீர்த்தியிடமிருந்து வாங்கிய ஜெகன், அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அதை அணைத்தான். தன் போனையும் அணைத்து, இரண்டையும் லாக்கரில் வைத்துப் பூட்டினான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

தீம் பார்க்குக்கு முதல் தடவை போகிறவன் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது பாண்டுரங்கன் சொன்ன யோசனை. ஒரகடத்தில் ஜெகனோடு ஒரே ஷிப்டில் வேலை செய்பவன், இந்த இடத்துக்குப் பலமுறை வந்து போனவன். நைலான் துணி எடுத்துக்கோ, நாஷ்டாவை அளவாகத் தின்னு, வெயில் ஏறுவதற்குள் ராட்டினங்களை முடித்துவிட்டுத் தண்ணீருக்குப் போ என்று ஒரு வாரமாகப் பாடமே நடத்தியிருந்தான். ஆனால் ஜெகன் போனைப் பூட்டியது தண்ணீருக்குப் பயந்து அல்ல.

காலையில் உத்திரமேரூரில் கம்பெனி பஸ் ஏறியதும், கீர்த்தியின் தம்பி கார்த்திக் அவனைப் போனில் கூப்பிட்டிருந்தான். தாமலில் வேதகிரி பெரியப்பா விடியற்காலையில் போய்விட்டார். துபாயிலிருந்து மகன் வர வேண்டும், நாளைக்குத்தான் எடுப்பார்கள், அக்காவிடம் பதமாகச் சொல்லுங்கள் மாமா என்றான்.

ஜெகன் பதமாகவும் சொல்லவில்லை, எப்படியும் சொல்லவில்லை. அப்பா இல்லாத கீர்த்தியைப் படிக்கவைத்து, தாரை வார்த்துக் கொடுத்தவர் அந்தப் பெரியப்பாதான். ஜெகனையும் மாப்பிள்ளை என்று தள்ளி வைக்காமல் மகனாகவே நடத்தியவர். ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்தார்.

சொன்னால் கீர்த்தி அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவாள். மகள் தர்ஷினியோ, ஒரு தடவை அவனுடைய ஓவர்டைமாலும் இன்னொரு தடவை மழையாலும் இந்தப் பயணம் நின்றுபோய் அழுது ஓய்ந்தவள். கம்பெனி கொடுத்த பாஸ் இன்று ஒரு நாளைக்குத்தான் செல்லும். நாளைக்குத்தானே எடுக்கிறார்கள், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னான். மனசு கேட்டால்தானே.

சாவுச் சேதி காதில் விழுந்தால் தலை முழுகிவிட்டுத்தான் மறுவேலை. காதில் விழாதவரைக்கும் தீட்டு இல்லை என்று ஊரில் ஒரு சலுகை உண்டு. அது கீர்த்திக்குப் பொருந்தும், அவனுக்குப் பொருந்தாது. அதனால் பாண்டுரங்கன் பேச்சை ஓரங்கட்டிவிட்டு, ராட்டினம் ராட்டினம் என்று குதித்த தர்ஷினியையும் இழுத்துக்கொண்டு நேராக அலைக்குளத்தில் இறங்கினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுந்தான்.

எழுந்ததும் இன்னொரு எண்ணம் வந்தது. வளர்த்தவர் போயிருக்கிறார். இவளும் தெரியாமலாவது ஒரு முழுக்குப் போட்டுவிட்டால், தன் பாவத்தில் பாதியாவது கழியுமே.

“நீயும் தல முங்கு கீர்த்தி.”

“காலையிலதான் தலைக்கு ஊத்திக்கினேன். மறுபடி இன்னாத்துக்கு? சளி புடிச்சிக்கும்.”

அவன் விடவில்லை. கெஞ்சிப் பார்த்தான், மகளை விட்டு நச்சரிக்க வைத்தான். கடைசியில் பெரிய அலையாகப் பார்த்து, தோளைப் பிடித்து அமுக்கியே விட்டான். தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழுந்த கீர்த்தி, உங்களுக்கு இன்னைக்கு இன்னா பேஜாரு என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அவனைப் பிடுங்கித் தின்றது. அன்றைக்கென்று பார்த்து அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். சறுக்கில் தர்ஷினி குப்புற விழுந்ததற்குச் சிரித்தாள், அவனுடைய நைலான் டிரவுசரைப் பார்த்துச் சிரித்தாள். தலைகீழாகச் சுற்றும் ராட்டினத்தில் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, கண்ணெல்லாம் நீராக இறங்கி வந்து அதற்கும் சிரித்தாள். அப்பனாக வளர்த்தவரைப் பறிகொடுத்தவளை ராட்டினத்தில் ஏற்றிச் சிரிக்கவைத்துக்கொண்டிருக்கிறோமே, நாமெல்லாம் மனுஷனா என்று ஜெகன் தன்னையே திட்டிக்கொண்டான்.

குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான், தொப்பி வாங்கிக் கொடுத்தான், அவள் கேட்காத பொம்மை ஒன்றையும் வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு மட்டும் ஒரு வாய் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

சாயங்காலம் பஸ் திரும்பியது. தர்ஷினி அம்மா மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். வாலாஜாபாத் வந்தால் இறங்கி, தாமலுக்கு வண்டி மாற வேண்டும். அதற்குள் சொல்லியாக வேண்டும். சொன்னபின் இவள் தன் முகத்தில் விழிப்பாளா, இனிமேல் தன் பேச்சை நம்புவாளா என்று நினைத்து நினைத்து ஒவ்வொரு ஸ்டாப்பாகத் தள்ளிப்போட்டான்.

ஊர் விளக்குகள் தெரிந்தபோது, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“கீர்த்தி, உங்க பெரியப்பா போயிட்டாரு. காலையிலயே கார்த்திக் சொன்னான். நான்தான் மறைச்சிட்டேன். கொயந்தைக்காகப் பண்ணிட்டேன், நீ இன்னா சொன்னாலும் வாங்கிக்கறேன்.”

கீர்த்தி கத்தவில்லை, அவனை அடிக்கவில்லை. தூங்கும் மகளின் தலையை மெதுவாக எடுத்து அவன் மடியில் வைத்தாள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டிப்போன தொண்டையோடு சொன்னாள்:

“காலையில தலைக்கு ஊத்திக்கினதே அந்தச் சேதி வந்துதாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா எறங்கிடுவீங்கன்னு பயந்துதான், நானும் நாள் பூரா சிரிச்சிக்கினு இருந்தேன்.”