சுற்று வழி

"நீ மோட்டார் சைக்கிள்ல முன்னாடி போடா. நான் சாயங்காலமா லாரி பிடிச்சு வர்றேன்" என்று கிருஷ்ணகிரியில் அண்ணன் அனுப்பிவைத்தார்.

ஓசூருக்கு நேரான தார்ச்சாலை இருந்தும், நாராயணப்பன் ராயக்கோட்டை மண்பாதையில் திரும்பினான். குழிக்குக் குழி வண்டி தூக்கிப்போட்டது.

ராயக்கோட்டை டீக்கடைக்காரர் கேட்டார்: "ஓசூருக்கு ஏன்ணா இப்படி வந்தீங்க? தார் ரோட்ல போனா இந்நேரம் வீட்ல இருப்பீங்களே!"

"தேன்கனிக்கோட்டை வழியா போனா?"

"ஐயோ, அது இன்னும் சுத்துண்ணா."

அந்த வழியிலேயே போனான்.

பொழுது சாய வீட்டை அடைந்தான். கைக்குழந்தையோடு ஓடிவந்தாள் மனைவி மாதம்மாள்.

"பெரியவனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா? ஆஸ்பத்திரில எப்ப அனுப்புவாங்களாம்?"

நாராயணப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். மகன் விடியற்காலையிலேயே இறந்துவிட்டான்; உடலோடு அண்ணனின் லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. அதை அவளிடம் சொல்லாமல் தள்ளிப்போட இனி எந்தப் பாதையும் மிச்சமில்லை.