வகிடு எடுக்கப் பத்து முள்

ஆலமரத்துக் காக்கைகளுக்கும் அரசமரத்துக் காக்கைகளுக்கும் நடந்த சண்டையில் ஒரு குஞ்சுக்குக் கண் போயிற்று. குத்தியது முள்ளம்பன்றியின் முள். காடே கூடி, இனி இரு பக்கத்துக்கும் யாரும் முள் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டது. உதிர்ந்த முள்ளைக் கொடுத்துப் பழம் வாங்கித் தின்றுவந்த முள்ளம்பன்றிதான் முதலில் தலையாட்டியது. அந்தக் குஞ்சை நினைத்தால் அதற்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுவாரம் அணில் வந்தது. "அக்கா, பிள்ளைங்களுக்கு வகிடு எடுக்கப் பத்து முள் வேணும்."

பிள்ளைகள் என்றதும் முள்ளம்பன்றிக்கு மனசு இளகிவிட்டது. நல்ல முள்ளாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தது. இரண்டே நாளில் அணில் திரும்பி வந்து இன்னும் இருபது கேட்டது.

"உனக்கு எத்தனை பிள்ளைங்கடி?"

"ரெண்டு."

"ரெண்டு தலைக்கு முப்பது முள்ளா?"

அணில் தலையைக் குனிந்துகொண்டது. "காக்கைங்க முள்ளுக்குப் பழம் தர்றாங்கக்கா. பிள்ளைங்க பசி தாங்கல."

முள்ளம்பன்றி திட்டவில்லை. தான் தோண்டி வைத்திருந்த கிழங்கை அதன் முன் தள்ளியது. "இதைக் கொண்டுபோய்க் கொடு. முள் இங்கேயே இருக்கட்டும். நாளைக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா, நானே வகிடு எடுத்துவிடறேன்."

மறுநாள் காலை இரண்டு குட்டிகளுக்கும் வகிடு எடுத்துவிட்டு முள்ளம்பன்றி நிமிர்ந்தது. அவற்றுக்குப் பின்னால் அந்த ஒற்றைக்கண் காக்கைக் குஞ்சு நின்றிருந்தது.

"எனக்கும் வாரிவிடுவீங்களா அத்தை?"

முள்ளம்பன்றி கையிலிருந்த முள்ளைத் தூரப் போட்டது. பிறகு குஞ்சை மடியில் இழுத்துக்கொண்டு, வெறும் விரலால் கோதத் தொடங்கியது.