கமராவுக்கு முன்னால் ஒரு கதிரை

“குட் மோனிங், ஒஸ்லோ! இன்னொருக்கால் சொல்லுங்கோ பிள்ளையள், வாயைத் திறந்து,” என்றாள் இங்கிலீஷ் படிப்பிக்கும் றொசாந்தி ரீச்சர். “எங்களுக்கு மத்தியானம் திரும்பினாலும் நோர்வேயிலை இப்ப காலமைதான்.”

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கூரை அதிரச் சொன்னார்கள். கொம்பியூட்டர் அறை வாசலில் நின்ற பாலேஸ்வரி ரீச்சர், கடவுளே, இந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

உடுப்பிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த விழா என்றாலும் மைக் பாலேஸ்வரியின் கையில்தான் இருக்கும். தமிழ் ஆசிரியை. ஆர் வந்தாலும் போனாலும் வரவேற்புரை அவளுடையது. றொசாந்தியோ குருநகரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு பள்ளித் தவணைகூட முடியவில்லை. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான், இப்போது நோர்வேயோடு கதைக்கப் போகிறது.

இதற்குப் பெயர் பொறாமை என்று யாராவது சொன்னால் பாலேஸ்வரி சண்டைக்கு வருவாள். ஆனால் பொறாமைதான்.

விசயம் இதுதான். ஒஸ்லோவில் ஒரு வகுப்பும் இங்கே ஒரு வகுப்பும் இணையத்தில் சந்தித்து, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கதை எழுத வேண்டும். கொழும்பில் இருக்கிற ஒரு தொண்டு நிறுவனம் நல்ல இங்கிலீசில் கடிதம் போட்டு இணைத்துவிட்டது. ஒஸ்லோக்காரருக்குச் சனிக்கிழமையில்தான் வகுப்பாம் என்பதால் இங்கே பிள்ளைகள் ரியூசனை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கதை எழுதப் பழக்கியது பாலேஸ்வரி. கமராவுக்கு முன்னால் கதிரை மட்டும் றொசாந்திக்கு.

அதிபர் பார்த்தீபன் அவளை அடியோடு மறந்துவிடவில்லை. போன கிழமை கூப்பிட்டுக் கேட்டார்.

“ரீச்சர், தொடக்கத்திலை ஒரு பத்து நிமிசம் நீங்கள் தமிழிலை கதையுங்கோவன். எங்கடை பண்பாடெண்டு ஒண்டு இருக்கெல்லோ.”

“சாப்பாட்டை உவ றொசாந்திக்குப் போட்டிட்டு எனக்கு ஊறுகாயோ சேர்? வெள்ளைக்காரப் பிள்ளையளுக்குத் தமிழ் என்னத்துக்கு? எல்லாத்தையும் உவவே இங்கிலீசிலை கதைக்கட்டும்.”

“கோவப்படாதையுங்கோ ரீச்சர். பிறகு யோசிப்பியள்.”

“யோசிக்க மாட்டன். நான் பழக்கின தமிழ்ப் பாட்டையும் நிகழ்ச்சியிலையிருந்து எடுத்துவிடுங்கோ. நான் அந்தப் பக்கமே வரமாட்டன்.”

அதிபர் எடுத்துவிட்டார். அவர் இன்னொருமுறை கெஞ்சுவார் என்று பாலேஸ்வரி இரண்டு நாள் பார்த்திருந்தாள். அவர் கெஞ்சவில்லை, அதுவும் றொசாந்தியின் கணக்கில்தான் ஏறியது.

அந்தப் பக்கமே வரமாட்டேன் என்றவள், குடையை மறந்து வைத்துவிட்டேன் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு வந்து நிற்கிறாள். குடை எடுக்க வந்தவள் கட்டியிருந்தது கலியாண வீட்டுச் சேலை.

றொசாந்தி அவளைக் கண்டுவிட்டாள். “உள்ளை வாங்கோ ரீச்சர். எனக்குப் பக்கத்திலை வந்து இருங்கோ, பயமாக் கிடக்கு.”

“உங்களுக்கு என்ன பயம்? உங்கடை இங்கிலீசுக்கு நோர்வேயே எழும்பி நிக்கும்.”

குத்தல் விளங்காமல் றொசாந்தி வெட்கப்பட்டுச் சிரித்தாள். “தாங்ஸ் ரீச்சர்,” என்று வேறு சொன்னாள். பாலேஸ்வரிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

கரண்ட் போகவில்லை. இணைப்பும் கிடைத்துவிட்டது. ஆனால் திரையில் படம் வரவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் கதிரைகள் இழுபட்டன, யாரோ இருமினார்கள், யாரோ உஸ் என்றார்கள். கேட்டதில் பாதியாவது கிடைத்ததே என்று பாலேஸ்வரி கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

“படம் பிறகு வரும். நீங்கள் தொடங்குங்கோ ரீச்சர்,” என்றார் அதிபர்.

றொசாந்தி தொடங்கினாள். பயம் எங்கே போனதோ தெரியவில்லை, இங்கிலீஷ் தண்ணீர்போல ஓடியது. ஊரைச் சொன்னாள், பனையைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தின் சரித்திரத்தைச் சொன்னாள். பிள்ளைகள் எழுந்து பாடமாக்கிய வசனங்களை ஒவ்வொருவராக ஒப்புவித்தார்கள். ஒரு பிழையாவது பிடிக்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்ற பாலேஸ்வரிக்கு ஒன்றும் அகப்படவில்லை. நன்றாகத்தான் கதைக்கிறாள் என்று அவளுடைய மனமே சொன்னது. அந்தப் பத்து நிமிசத்தையாவது வாங்கி வைத்திருந்தால் நானும் உந்தக் கதிரையில் இருந்திருப்பேனே என்று அப்போதுதான் முதன்முதலாக நினைத்தாள். நினைத்ததும் தன்மேலேயே கோபம் வந்தது.

ஒஸ்லோவிலிருந்து ஒரு கைதட்டல்கூட வரவில்லை. குசுகுசுவென்று ஏதோ கேட்டது.

“எனி குவெஸ்சன்ஸ்?” என்று கேட்டாள் றொசாந்தி.

அந்தப் பக்கம் ஒரு கதிரை இழுபட்டது. பிறகு ஒரு சின்னப் பிள்ளையின் குரல், சொல்லுக்குச் சொல் நிறுத்தி, தயங்கித் தயங்கி வந்தது.

“ரீச்சர், இது எங்கடை தமிழ் வகுப்பு. உங்கடை தமிழ் ரீச்சர் வரேல்லையோ?”