பதினாறாம் நாள் பட்டியல்

கடையில் நான்கு பேர் இருந்தார்கள்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் பிரிஸ்கில்லா. கடை அவளுடையது. அவளுக்கு வலப் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், மடியில் மஞ்சப்பையோடு அங்காளம்மாள். ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில், ஆதார் பிரிண்டுக்குக் காத்திருந்த பால்ச்சாமி என்கிற பெரியவர். இவர்களுக்கு உறவு இல்லை. வாசலோர பெஞ்சில் அங்காளம்மாளின் கணவர் சமுத்திரம், தெருவுக்கு முதுகைக் காட்டிக் கொண்டு.

தெருவுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட். ராஜபாளையம், ராஜபாளையம் என்று யாரோ கூப்பிட்டுக் கொண்டே இருந்தார்கள்.

மகள் அனுசியா எழுதிய கதைகள் இருபத்து மூன்று, ஒரு கதைத் தளத்தில் யாரும் சீந்தாமல் கிடந்தன. இனி அவை தானாகவே ஃபேஸ்புக்குக்கும் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கும் போக வேண்டும். அதற்காகத்தான் கூமாப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். யோசனை அங்காளம்மாளுடையது. சமுத்திரம் கூட வந்தார், அவ்வளவுதான்.

தளத்தின் பாஸ்வேர்டை அவள் தடுமாறாமல் சொன்னாள்.

பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். மூன்று வருடத்துக்கு முன் கருமாதிக் கார்டு அனுப்புவதற்காகச் சமுத்திரம் எழுதிய முகவரி நோட்டு. வரிசை எண் ஒன்றிலிருந்து தொண்ணூற்று ஏழு வரை. ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் இப்போது பென்சிலில் ஒரு போன் நம்பர் இருந்தது.

"பதினாறாம் நாள் சோறு தின்ன அம்புட்டு பேருக்கும் போவணும் தாயி. ஒருத்தரும் விட்டுப் போவக் கூடாது."

பிரிஸ்கில்லா ஒவ்வொரு நம்பராகக் குரூப்பில் சேர்த்தாள். முக்கால் மணி நேரம் ஆனது.

"எம்புட்டு வயசு தாயி புள்ளைக்கு?" என்று பால்ச்சாமி கேட்டார்.

"இருபத்தாறு."

"வாழ வேண்டிய வயசு" என்று அவர் உச்சுக் கொட்டினார்.

சமுத்திரம் தன் செருப்பைப் பார்த்துக் கொண்டிருந்தார். கார்டில் இருபத்து மூன்று என்றுதான் போட்டிருந்தது.

கடைசியில் ஒன்று இடித்தது. இணைப்பதற்கு முன்னால் கதை எழுதியவரின் போனுக்கு ஒரு கேள்வி போகுமாம். அங்கே 'ஆம்' என்று அமுக்கினால்தான் நடக்குமாம். பிரிஸ்கில்லா கேள்வியை அனுப்பி விட்டுக் கொஞ்சம் காத்திருந்தாள். திரை அப்படியே நின்றது.

"இறந்தவங்க கணக்குன்னா கம்பெனிக்கு லெட்டர் போட்டுக் கேக்கணும்மா. ஆதாரம் ஏதாவது இருக்கா?"

அங்காளம்மாள் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தாள். ஓரத்தில் கறுப்பு மை பூசிய கார்டு. அதைப் படித்த கையோடு கிழித்து வெளியே போட்டு விடுவார்கள். யாரும் வீட்டுக்குள் வைப்பதில்லை. இவள் மூன்று வருடமாக வைத்திருந்திருக்கிறாள் என்பது சமுத்திரத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிரிஸ்கில்லா அதை நகல் எடுக்க மிஷின் மேல் வைத்து விட்டு, பேப்பரும் கவரும் எடுத்துத் தந்தாள். அங்காளம்மாள் இரண்டையும் கணவரிடம் நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்க. பழகுன கைதான?"

சமுத்திரம் இருபத்தெட்டு வருடம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். எடுத்த எடுப்பில் பேனா ஓடியது. கூமாப்பட்டியில் குடியிருக்கும் சமுத்திரம் ஆகிய நான் எழுதிக் கொள்வது. என் மகள் அனுசியா

அடுத்த வார்த்தை அவருக்குத் தெரியும். கை போகவில்லை.

சரக் என்று சத்தம் கேட்டது. மிஷின் மேல் கிடந்த கார்டைப் பால்ச்சாமி எடுத்துப் படித்து முடித்து, நாலாகக் கிழித்து வாசலுக்கு வெளியே சாக்கடையில் போட்டிருந்தார்.

"ஐயோ தாத்தா, அதான ஆதாரம்" என்றாள் பிரிஸ்கில்லா.

"வச்சிருக்கப்படாதும்மா" என்றார் அவர், நல்லது செய்த முகத்தோடு.

கம்ப்யூட்டர் மெல்ல ஒரு தரம் ஒலித்தது.

பிரிஸ்கில்லா திரையைப் பார்த்தாள். அங்காளம்மாளைப் பார்த்தாள்.

"ஆம்னு அமுக்கிட்டாங்கம்மா."

சமுத்திரத்தின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நோட்டில் வரிசை எண் ஒன்று, கார்டு அனுப்புபவர் என்று, அவர் பெயர்தான்.

அவர் எடுத்துப் பார்க்கவில்லை. அனுசியா தனக்குப் பிடித்தவனோடு ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட மறுநாள், அந்தக் கார்டை அச்சுக்குக் கொடுத்தவர் அவர். உயிரோடு இருப்பவளுக்குப் பதினாறாம் நாள் பந்தியும் போட்டார். அன்றைக்கும் இப்படித்தான், உடம்பில் ஒன்றும் உறைக்கவில்லை.

அங்காளம்மாள் அவர் கையிலிருந்த தாளை வாங்கினாள். அந்த இரண்டு வரிக்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அப்படியே மடித்துக் கவருக்குள் வைத்தாள். கவரை அவர் முன்னால் வைத்தாள்.

"அட்ரஸ் சொல்லுதேன், எழுதுங்க."

கதவு எண் சொன்னாள். தெரு சொன்னாள். ஊர், ராஜபாளையம்.

மகள் இருக்கும் இடத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. சமுத்திரம் எழுத்து எழுத்தாக எழுதினார். கையெழுத்து எப்போதும் போல அச்சு மாதிரி இருந்தது.

பிரிஸ்கில்லா பசையை நகர்த்தி வைத்தாள். அங்காளம்மாள் கவரை ஒட்டினாள். காலையில் கோவிலில் வாங்கிய மஞ்சளைப் பிரித்து, விரல் நுனியால் தொட்டு, நான்கு மூலையிலும் வைத்தாள்.

தபால் பெட்டி பஸ் ஸ்டாண்டு வாசலில் இருந்தது. ராஜபாளையம் பஸ் புறப்பட்டுக் கொண்டிருந்தது. அது போவதற்கு வழி விட்டு நின்று, சமுத்திரம் கவரைப் பெட்டிக்குள் போட்டார்.