இடது காலில் என் ரப்பர்

"பத்து தபால்காரங்களுக்குச் செருப்பு குடுத்துச் சோதிச்சோம். இடது செருப்புக்கு உங்க அடி ரப்பர், வலதுக்கு வேற ஆள் ரப்பர். ஆறே மாசம், உங்களது பத்தும் ஓட்டை! இனிமே உங்ககிட்ட வாங்கப் போறதில்ல, பெரியவரே," என்றார் செருப்புக் கம்பெனி மேனேஜர்.

முப்பது வருடமாக ரப்பர் வார்த்துப் பிழைத்த பெரியவருக்கு ரத்தம் கொதித்தது. "ஆணியால சுரண்டினீங்களா?"

"சோதனை பொய் சொல்லாது. ஒரே ஆள், ஒரே ரோடு, ஒரே எடை."

அப்போது புதுச் செருப்பு வாங்க அந்தப் பத்துப் பேரில் ஒரு தபால்காரர் சைக்கிளில் வந்தார். இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்து வாசலில் நின்றார்.

பெரியவர் பாய்ந்து வெளியே போனார். "ஏன்யா காலைத் தேய்க்கிறே?"

"பிரேக் இல்லீங்களே! எங்க ஆபீஸ் சைக்கிள் பத்துலயும் பிரேக் போய் வருஷமாச்சு. கேட்டா காது குடுக்க ஆளில்ல. எல்லாருக்கும் இடது கால்தான் பிரேக்."

மேனேஜரும் வெளியே வந்து சைக்கிளைப் பார்த்தார்.

"அஞ்சு பேருக்காவது ரப்பரை வலதுக்கு மாத்திப் போடத் தோணல, சோதனையாம் சோதனை!" பெரியவர் தபால்காரரின் இடது கால் ஓட்டைச் செருப்பைக் கழற்றி மேனேஜரின் மூக்குக்கு நேரே ஆட்டினார். "ஆறு மாசமா பத்து உசிரை லாரிக்கு அடியில போகாம நிறுத்தினது இதுதான்யா!"