ஈ மொய்க்காத உடல்

பிசின் எடுக்கப் போன வீரணன் பைன் காட்டுப் பள்ளத்தில் கால் முறிந்து செத்துக் கிடந்தான். ஊரார் ஒரு வாரம் தேடிவிட்டு நிறுத்தியிருந்தார்கள். காணாமல் போய் ஒரு மாதம் ஆகியும் முகம் அப்படியே இருந்தது. பூச்சியோ பூஞ்சையோ கிருமியோ காட்டுக்குள்ளேயே அண்டாதபடி மரபணு மாற்றி உருவாக்கிய மரங்கள் அவை. அவனுடைய தூக்குவாளியில் ஒட்டியிருந்த பருக்கைகளில்கூட ஓர் எறும்பு இல்லை.

"என்னைக்குச் செத்தாருன்னு சொல்லுங்கம்மா, வருசா வருசம் திதி கொடுக்கணும்," என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் கேட்டாள் அவன் மனைவி போதுமணி.

"ஈ, புழு, வண்டுன்னு எதையாவது வச்சுத்தான் நாளைக் கணிப்போம். இவர் மேல ஒண்ணுமே இல்லையே. போன மாசமா, போன வாரமா, சொல்ல முடியலம்மா."

போதுமணி தலையாட்டினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அப்ப, நாங்க தேடுறத நிறுத்துன அன்னைக்கு அவரு உசுரோட இருந்தாரா?"