வாயைத் திறந்த தும்மல்

ஓர்ஸ் ஹில் வீட்டு விறாந்தையில், துறைமுகத்து வெயில் சுகந்தனின் வீங்கிய மூக்கில் விழுகிறது. பீனிசத்துக்குப் போன கிழமைதான் ஒப்பரேஷன். சுகம் விசாரிக்க வந்த தாய்மாமன் யோசேப் வைத்தியமும் பார்க்கிறார். "நல்லா மூக்கைச் சீறு தம்பி, ஊத்தையெல்லாம் வெளியில வரும்." "சீறினா ரத்தம் ஓடுமெண்டு டொக்டர் சொன்னவர்," என்கிறாள் மனைவி ஜெனிதா. "டொக்டருக்கென்ன தெரியும்? எனக்கு நாற்பது வருசமாத் தடிமன்." சுகந்தனின் கண்கள் சுருங்குகின்றன, தும்மல் வருகிறது. "அடக்காதேங்கோ, காயம் பிரியும், வாயைத் திறந்து தும்முங்கோ," என்று ஜெனிதா பதறுகிறாள். மாமாவோ மரியாதை தெரிந்தவர்; மடிப்புக் கலையாத கைலேஞ்சியால் மருமகனின் மூக்கையும் வாயையும் பொத்த வருகிறார். சுகந்தன் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, வாயை அகலப் பிளந்து, மாமாவின் முகத்திலேயே தும்முகிறான். மூக்கில் ஒரு சொட்டு ரத்தமில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "வளர்ப்புச் சரியில்லை," என்கிறார். வளர்த்தது அவருடைய சொந்த அக்கா.